விலையும் கடனும்

1

தமிழில் 'நியாய விலை' என்ற சொல்லுக்கு ஒரு கடை இருக்கிறது. அங்கே சர்க்கரைக்கும் பருப்புக்கும் பாமாயிலுக்கும் அரசு ஒரு விலையைத் தீர்மானித்துப் பலகையில் எழுதி வைக்கிறது. அந்த விலை நியாயமானது என்பதற்கான ஆதாரம் பொருளில் இல்லை, கடைக்காரரிடத்தும் இல்லை. குடும்ப அட்டையில் இருக்கிறது. நியாயத்தைப் பற்றி யோசிக்கும் பொறுப்பிலிருந்து இரு தரப்பையும் விடுவித்துவிடும் விலை என்று அதற்கு இலக்கணம் சொல்லலாம். புது வண்டியின் விலையும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். ஒரே மாடலில் ஆயிரம் வண்டிகள் நிற்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று. எனவே ஒரு விலைப்பட்டியல் போதுமானதாக இருக்கிறது.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு நிலைமை வேறு. ஒரே நாளில் ஆலையை விட்டு வந்த இரண்டு வண்டிகள் பத்து வருஷம் கழித்து இரண்டு வெவ்வேறு பிறவிகள். ஒன்று மலைப் பாதையில் உருளைக்கிழங்கு ஏற்றி இறங்கியிருக்கும். இன்னொன்று சமவெளியில் கோழித் தீவனம் சுமந்திருக்கும். பொதுமையிலிருந்து தனித்வத்துக்கு வருவதைத்தான் நாம் 'பழசாவது' என்கிறோம். பழைய பொருளுக்குப் பட்டியல் கிடையாது; மதிப்பீடுதான் உண்டு.

மதிப்பீடு என்ற சொல்லை நம் வட்டத்தில் கவிதைக்கும் நாவலுக்கும் என்று ஒதுக்கி வைத்துக்கொண்டோம். அளவுகோல் முன்கூட்டியே கையில் இருக்கிறதா, அல்லது படைப்பே தன் அளவுகோலைக் கொண்டுவருகிறதா என்று பக்கம் பக்கமாகச் சண்டையிட்டிருக்கிறோம். அதே பிரச்னை வண்டிச் சந்தையில் தினமும் தீர்க்கப்படுகிறது. அங்கே தவறான மதிப்பீட்டுக்கு ரொக்கமாக அபராதம் கட்ட வேண்டியிருப்பதால் யோசனை கொஞ்சம் கறாராகவே நடக்கிறது.

2

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் 2024இல் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் நடந்தது. ஒரு காய்கறி வியாபாரி 2014ஆம் ஆண்டு மாடல் பொலேரோ பிக்கப் ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்திருந்தார். 2015 முதல் ஒன்பது வருஷம் அதை ஓட்டியவர் ஒரே டிரைவர். மாதச் சம்பளம் கடைசியாக 13,000 ரூபாய். வியாபாரத்தை நிறுத்திக்கொள்ள முடிவு செய்ததும் முதலாளி வண்டியை விற்க நினைத்தார். டிரைவர் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். முதலாளி கேட்டது 4,25,000. டிரைவர் சொன்னது 3,25,000. இருவருக்கும் தெரிந்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாத என்னைப் பொது ஆளாக வைத்து ஒரு தொகை சொல்லச் சொன்னார்கள்.

இரண்டு பேரும் தங்கள் தொகைக்குக் காரணம் வைத்திருந்தார்கள். முதலாளியின் வாதம்: "வெளியாளுக்கு இது பத்து வருஷத்து வண்டி. தம்பிக்கு அப்பிடி இல்ல. இதோட அருமை அவனுக்குத்தான் தெரியும். அவனுக்கு நாலே கால் பெறும்." டிரைவரின் வாதம்: "மொதலாளி சொல்றது சரிதான். ஆனா அந்த அருமைய உண்டாக்குனது யாருண்ணே? நான் முரட்டுத்தனமா ஓட்டியிருந்தா இன்னைக்கு இது ரெண்டுக்குக் கூடப் போகாது. நல்லா வச்சிருந்ததுக்கு நானே கூடக் காசு குடுக்கணுமா?"

சுவாரஸ்யம் என்னவென்றால், இருவரும் ஒரே உண்மையைச் சொல்கிறார்கள். அந்த ஒரே உண்மை விலையை ஒருவருக்கு மேலே தள்ளுகிறது, மற்றவருக்குக் கீழே இழுக்கிறது. வழக்கமான பேரத்தில் ஒருவர் குணத்தைச் சொல்வார், மற்றவர் குறையைச் சொல்வார். இங்கே குறையைப் பற்றித் தகராறே இல்லை. குணம் யாருடையது என்பதுதான் தகராறு.

3

முதலில் சந்தை விலை. ஊரிலிருந்த தரகர் வண்டியைப் பார்க்காமலே 4,10,000 என்றார். மாடல் வருஷம், எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இல்லாத ஆர்.சி. புக், எந்த ஊர்ப் பதிவு என்ற நான்கு கேள்விகளில் அந்த விலை பிறந்தது. பார்க்காமல் சொன்னார் என்பதற்காக அதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஒரு வகைப்பாட்டின் சராசரியை அவர் சொன்னார். அதற்கு மேல் எதையும் அவர் உரிமை கொண்டாடவில்லை.

சந்தை விலை வண்டியின் குணம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியிலும் சுற்று வட்டாரத்திலும் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்று ஒரு பத்து வயது வண்டியின் பிஸ்டனிலோ கியரிலோ எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் எல்லைக்கு இந்தப் புறம் அது பாரம், அந்தப் புறம் அது சரக்கு. விலை, மனிதர்களின் தேவையும் ஏற்பாடுகளும் பொருளின் மேல் விழுத்தும் நிழல். பரிவர்த்தனையில் எல்லாவற்றையும் பிணைத்து நிறுத்துவது தேவைதான், பணம் அதன் ஒப்புக்கொள்ளப்பட்ட பிரதிநிதி என்று அரிஸ்டாட்டில் சொன்னதன் பொருளும் இதுவே. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் இதைத் தத்துவம் பேசாமலே ஒப்புக்கொள்கிறது. விலை மாட்டின் நெற்றியில் எழுதியில்லை. இரண்டு கைகளுக்கு நடுவே இருக்கிறது.

அடுத்தது கழித்தல். மெக்கானிக் வந்தார். குளிர்ந்து கிடந்த எஞ்சினை முதல் சாவியில் எடுக்கச் சொன்னார். சூடான எஞ்சினில் உண்மை தெரியாது. ஓடிக்கொண்டிருக்கையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால் எரிந்த காற்று கீழே கசிந்து அந்த வழியாகப் புகையாக மூச்சு விடும். மூச்சு அதிகம் இல்லை. புகைக் குழாயில் நீல நிறம் இருந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளை நின்று வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. இரண்டும் இல்லை. கறுப்பு இருந்தது. கறுப்பு என்றால் காற்றின் அளவுக்கு மேல் டீசல் என்று அர்த்தம். இன்ஜெக்டர் வேலை இருக்கும், 25,000 ஆகும் என்றார். பின்பக்கத்து இரண்டு டயர்கள் தேய்ந்தவை: 13,000. எஃப்.சி. முடிய இரண்டு மாதம்தான். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு அது வருஷா வருஷம் வரும் செலவு. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 15,000. ஆக மொத்தம் 53,000 கழிந்து விலை 3,57,000இல் வந்து நின்றது.

அப்போது டிரைவர் வாயைத் திறந்தார். "இன்ஜெக்டர் இல்லண்ணே. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. வண்டி குடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதுலருந்து மாத்தல." சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். மாற்றிப் பார்த்தபோது புகை போய்விட்டது. விலை 3,82,000 ஆயிற்று. வாங்கப் போகிறவரே தன் வாயால் 25,000 ரூபாயைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்.

4

அவர் சொல்லியிருக்க வேண்டுமா என்பது முதல் கேள்வி.

பழைய வண்டி என்றதும் பொருளாதாரம் படித்தவர்கள் அகர்லாஃபின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சொல்வார்கள். விற்பவருக்கு வண்டியின் நிஜம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சந்தேகத்தின் பொருட்டு எல்லா வண்டிக்கும் குறைத்தே கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க வர மாட்டார். சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். நம் சட்டமும் விற்பவரின் மௌனத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் ஒரு குதிரை வருகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் பேசாமல் விற்றால் அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய மகள் என்றால், சொல்ல வேண்டியது அவர் கடமை. குதிரை அதே குதிரை. மௌனமும் அதே மௌனம். இருவருக்கும் இடையில் இருக்கும் உறவு மட்டும் மாறுகிறது. உடனே மௌனம் பொய்யாகிவிடுகிறது. ஒரு வறண்ட சட்டப் பிரிவுக்குள் இவ்வளவு நுட்பமான நீதி உணர்வு ஒளிந்திருப்பதை நம் கதாசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் இந்த அமைப்பு தலைகீழாக நிற்கிறது. தெரிந்தவர் வாங்குபவர். தெரியாதவர் சொந்தக்காரர். மத்திய கால ஐரோப்பாவில் தாமஸ் அக்வினாஸ் இதையும் யோசித்திருக்கிறார். விற்பவர் அறியாமல் பித்தளை என்று தங்கத்தைக் கொடுத்தால், தெரிந்தே வாங்கியவர் அநியாயமாக வாங்கியவரே, திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் தீர்ப்பு. ஏர் ஃபில்டர் விஷயத்தில் டிரைவர் செய்தது அதுதான். ஒன்பது வருஷ உறவு அந்தக் குதிரைக்காரரின் மகளுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குள்ளேயே இருக்கிறது என்று அவருக்குச் சட்டம் படிக்காமலே தெரிந்திருந்தது.

ஆனால் இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். தெரிந்ததையெல்லாம் சொல்லி, அதற்கெல்லாம் விலை கொடுக்க வேண்டும் என்றால், முதலாளி கேட்ட 4,25,000தான் நியாயம் என்று ஆகிவிடாதா? ஏனெனில் இந்த எஞ்சின் இன்னும் நீண்ட காலம் வேலை கேட்காது என்பதும் டிரைவருக்குத் தெரியும். மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அது போடும் சத்தத்தில் அவர் அதைக் கேட்கிறார்.

இரண்டு வகை அறிவைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏர் ஃபில்டரைப் பற்றிய அறிவு கைமாறக் கூடியது. மாற்றிப் போட்டு, புகை நின்றதை எந்த அந்நியருக்கும் காட்டலாம். சொன்ன மாத்திரத்தில் அது வண்டியின் குணமாகிவிடுகிறது, அதாவது சொந்தக்காரரின் சொத்தாகிவிடுகிறது. மூன்றாவது கியர் சத்தத்தைப் பற்றிய அறிவு அப்படியல்ல. அது ஒன்பது வருஷத்தில் ஒரு காதுக்குள் படிந்த ஒன்று. முதலாளி நாளைக்கு ஓர் அந்நியரிடம் வண்டியை விற்கப் போனால் அந்தக் காதைக் கூட அனுப்ப முடியாது. அந்நியர் தன் பயத்துக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். அந்தப் பயத்தின் விலையைத்தான் முதலாளி இந்த டிரைவரிடம் மட்டும் கூடுதலாகக் கேட்கிறார்.

அக்வினாஸ் இன்னொரு சூத்திரமும் தருகிறார். பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு நஷ்டம் உண்டானால் அதைச் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் வாங்குபவரின் தேவை பெரிது என்பதற்காகக் கூட்டிக் கேட்கக் கூடாது, ஏனெனில் அந்தத் தேவை விற்பவருக்குச் சொந்தமானதல்ல, தன்னுடையதல்லாததை யாரும் விற்க முடியாது. இதை அறிவுக்கும் நீட்டலாம் என்று நினைக்கிறேன். டிரைவரின் காது முதலாளிக்குச் சொந்தமானதல்ல. ஆகவே நியாய விலை, எல்லாம் அறிந்தவர் கொடுக்கக் கூடிய விலை அல்ல. காட்டக் கூடியதெல்லாம் காட்டப்பட்ட பிறகு ஓர் அந்நியர் கொடுக்கும் விலை. அது 3,82,000. மேலே உள்ள 43,000க்கு முதலாளியிடம் பாத்தியதை இல்லை.

5

இனி டிரைவரின் வாதம். இது கடினமானது.

நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகனுக்குச் சொல்வது, பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பேணிச் செய் என்பது. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை இந்த அடிப்படையில்தான் புகழ்கிறது: வாங்குகையில் மிகுதியாகக் கொள்வதில்லை, கொடுக்கையில் குறைப்பதில்லை. இவை இரண்டும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பேசுகின்றன. எது தன் பொருள், எது பிறர் பொருள் என்பது தெளிவாக இருக்கிறது என்று. நம் வண்டியில் அந்தக் கோடுதான் அழிந்துபோயிருக்கிறது. பிறர் பொருளைத் தன் பொருள் போல ஒன்பது வருஷம் பேணிய ஒருவர் இப்போது அதை வாங்க வந்து நிற்கிறார். குறளைச் செய்துகாட்டியதற்காகவே அவருக்கு விலை ஏறியிருக்கிறது.

சம்பளம் கொடுத்தாயிற்றே என்பது உடனடி பதில். சம்பளம் எதை வாங்கியது? நேரத்தை, நடைகளை. கவனத்தை அது வாங்கவில்லை. அதே 13,000க்குக் கிளட்சில் காலை வைத்தபடி ஓட்டுகிற டிரைவரும் கிடைப்பார், ஆயில் மாற்றும் நாளை மறக்கிற டிரைவரும் கிடைப்பார். கவனம் சம்பளக் கணக்கில் ஏறாத உபரி. அது எங்கேயும் காணாமல் போகவில்லை. ரிங்கிலும் கியரிலும் தேய்மானமின்மையாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. உழைப்பு பொருளில் உறைகிறது என்று படித்திருக்கிறோம். இங்கே அது ஸ்தூலமாக, ஆயில் மூடியைத் திறந்தால் தெரிகிற மாதிரி உறைந்திருக்கிறது.

எதிர்த் தரப்பையும் முழுசாக வைக்க வேண்டும். ஆயிலுக்குக் காசு கொடுத்தவர் முதலாளி. மாற்ற வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் மறுக்காமல் கொடுத்தார். அதுவும் ஒரு வகைக் கவனமே. மேலும், கவனத்துக்குப் பங்கு கொடுக்க ஆரம்பித்தால், தேய்மானத்தையும் பங்கிட வேண்டியிருக்கும். வண்டியின் அடியில் கம்பெனி வைத்ததற்கு மேல் இரண்டு பட்டைகள் போடப்பட்டிருந்தன. ஆர்.சி. புக்கில் எழுதியதற்கு மேல் சரக்கு ஏற்றியதன் சாட்சியம் அது. ஏற்றச் சொன்னது முதலாளி. ஏற்றிய பாரத்தோடு இறக்கத்தில் பிரேக்கை மிதித்து உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தது டிரைவர். அந்தக் கணக்கை யார் எப்படி எழுதுவது?

இவ்வளவையும் விலைக்குள் எழுத முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். வண்டியைத் தன் உழைப்பால் காப்பாற்றியவருக்கு வண்டியில் பங்கு உண்டு என்று சொல்வதில் எனக்கு ஈர்ப்பு இருக்கிறது. ஆனால் அது உண்மையானால் அந்தப் பங்கு அவர் வாங்க வரும்போது மட்டும் முளைத்து, முதலாளி வெளியாளுக்கு விற்றால் மறைந்துபோகக் கூடாது. வெளியாளுக்கு விற்றிருந்தாலும் அந்தப் பணத்தில் ஒரு பகுதி டிரைவருக்குச் சேர வேண்டியதே. அப்படிச் சேர வேண்டியது என்றால் அது தள்ளுபடி அல்ல. அதன் பெயர் கடன். வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் இருக்கிற கடன்.

அந்தக் கடனுக்கு நாட்டில் ஒரு வாய்ப்பாடும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தவருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்று வகுத்தது. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து ஒரு நாள் கூலி கணக்கிட வேண்டும். பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்கே அது என்றும் வகுத்தது. ஒரு கடை, ஒரு வண்டி, ஒரு டிரைவர் என்று இருக்கும் உலகத்துக்குள் அது வரவில்லை. சட்டம் நின்ற இடத்தில் நியாயமும் நின்றுவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 13,000க்குப் பதினைந்து நாள் 7,500. ஒன்பது வருஷத்துக்கு 67,500.

3,82,000இல் 67,500 போனால் 3,14,500. டிரைவர் முதலிலேயே சொன்னது 3,25,000. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார் என்று முதலாளி முகம் சுளித்த அந்தத் தொகை, அவருக்குச் சேர வேண்டியதைக் காட்டிலும் 10,500 ரூபாய் தாராளமாக இருந்தது. எந்தச் சட்டத்தையும் கேள்விப்படாத ஒருவரின் மனம் ஒன்பது வருஷத்தைத் தனக்குள் எடை போட்டு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது. மனிதனுக்கு நியாயம் பற்றிய உள்ளுணர்வு கிடையாது, எல்லாம் சந்தர்ப்பவாதமே என்று அவ்வப்போது இந்தப் பக்கங்களில் எழுதும் நண்பர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம்.

6

நான் சொன்னது இரண்டு கணக்கு. விலை 3,82,000, அது முழுசாக முதலாளிக்கு. கடன் 67,500; அது முழுசாக டிரைவருக்கு. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதிவிட்டு, பிறகு கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முதலாளி முதல் தாளை ஒப்புக்கொண்டார். இரண்டாவதைத் தொடவில்லை. "கடன்னு சொல்லாதீங்க. நான் அவனுக்கு எந்தப் பாக்கியும் வச்சதில்ல. வேணும்னா விலையில பாத்துக் குறைச்சுக்கறேன்" என்றார். குறைக்கவும் செய்தார். 3,40,000க்கு வண்டி கைமாறியது. டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். முதலாளி அதை ஊரில் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறார். அவர் கெட்டவர் அல்ல. மற்றவர்கள் இவ்வளவும் செய்ய மாட்டார்கள்.

25,500 ரூபாய் குறைவு என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. 3,14,500க்கே கொடுத்திருந்தாலும் அவர் அதைத் தள்ளுபடி என்றுதான் சொல்லியிருப்பார். ஒரே தொகை, கடனாகக் கொடுக்கப்பட்டால் வாங்குபவர் நிமிர்ந்து நிற்கிறார். சலுகையாகக் கொடுக்கப்பட்டால் கும்பிட வேண்டியிருக்கிறது. விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணையே பார்க்கிறார்கள். எண்ணில் நியாயம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அந்த எண்ணுக்கு இடப்படும் பெயரில் இருக்கிறது. சொற்களோடு புழங்குவதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு இதில் ஏதாவது வேலை இருக்கிறது என்றால், அது இந்தப் பெயர்களைச் சரியாக இட்டு அழைப்பதுதான்.